டொறத்தியின் ஹொப் கொடியும் ஒரு தாச்சி வறையும்

மண்ணை விட்டுப் பச்சையாக ஒன்று எழும்பினால், அது தாச்சிக்குள் போனால் எவ்வளவாகச் சுருங்கும் என்றுதான் கமலாம்பிகை முதலில் கணக்குப் பார்ப்பாள். ஜேர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம் ஆகியும் அந்தப் புத்தி மாறவில்லை. செவ்வாய்ச் சந்தையில் நோக்கோல் வாங்குகிற சனம் இலைகளை முறித்துப் பெட்டிக்குள் எறிந்துவிட்டுப் போகும். அந்தப் பெட்டியைத் தா என்று இவள் கேட்பாள். வீட்டில் எத்தனை முயல் வளர்க்கிறாய் என்று ஒருநாள் கடைக்காரன் கேட்டான். இரண்டு என்றாள். ஒரு முயல் அவள், மற்றது அவளுடைய மனிசன் இராசலிங்கம். தான் சொன்னதில் பொய் எங்கே என்று இன்றைக்கும் கேட்பாள்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு விடுதலை. அதற்குப் பிறகு தோட்டம். நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், துண்டு துண்டாகப் பிரித்து வாடகைக்குக் கொடுக்கிற தோட்டங்களில் ஒன்று அவளுடையது. அது சும்மா கிடைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவள் விண்ணப்பம் போட்டபோது, இவர்கள் தோட்டத்தில் சமைப்பார்கள், கறி மணக்கும் என்று தோட்டச் சங்கக் கூட்டத்தில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அப்போது டொறத்தி எழும்பினாள். ட்ராம் ஓட்டி ஓய்வெடுத்தவள், குரல் அதற்கேற்ற குரல். ஒவ்வொரு இலையுதிர்காலமும் நான் பியர் காய்ச்சித் தோட்டம் முழுக்க மணக்க வைக்கிறேன், ஒருவரும் வாய் திறந்ததில்லை, இவள் எனக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். கூட்டம் அதோடு முடிந்தது.

டொறத்தி பியர் காய்ச்சுவது தன் சொந்த ஹொப் கொடியை வைத்து. பியரின் கசப்பும் மணமும் அந்தக் கொடியின் பூவிலிருந்துதான் வரும். கோடையில் அது அவளுடைய கொட்டிலுக்குப் பின்னால் கம்பி வழியே கூரைக்கு மேலே ஏறி நிற்பதைக் கமலாம்பிகை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். இலையுதிர்காலத்தில் டொறத்தி எல்லாவற்றையும் வெட்டி இறக்குவாள். புடோல், பாவல் மாதிரி அந்த வருடத்தோடு அதன் ஆயுள் சரி, அடுத்த வருடம் புதிதாக விதை போடுவாள் என்று கமலாம்பிகை நினைத்திருந்தாள். கொடி காய்ந்தால் செத்ததுதானே. யாரிடமும் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

இந்த மார்ச்சில் டொறத்தி மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கமலாம்பிகை சூப் காய்ச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டொறத்தி கட்டிலில் கிடந்தபடியே தோட்டத்துத் திறப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பூக்களுக்குத் தண்ணீர் விடு, மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்தானே என்றாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு டொச்சுக்காரி தன் பூட்டின் திறப்பை அவளிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும்வரை அதைக் கைப்பைக்குள் போடாமல் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் டொறத்தியின் கொட்டிலுக்குப் பின்னால் விரல் மொத்தத்தில் ஊதாவும் பச்சையுமாகத் தண்டுகள் கூட்டமாக முளைத்தன. நுனியை முறித்து வாயில் போட்டுப் பார்த்தாள். இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. இந்தக் களை இப்படியே போனால் டொறத்தி வரும்போது காடாகக் கிடக்கும், ஒரு வேலைக்கு இரண்டு பலன் என்று அடியோடு ஒட்ட வெட்டினாள். சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், மஞ்சள், கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ போட்டுத் தாச்சியில் வறை ஆக்கினாள். இராசலிங்கம் இரண்டாம் தரமும் சோறு போட்டான். பத்து நாளில் அது மறுபடி தழைத்தது. என்ன வள்ளல் கீரையடா இது என்று மறுபடியும் வெட்டினாள்.

அடுத்த நாள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து டொறத்தி போன் எடுத்தாள். நடக்கப் பழகுகிறேன், இன்னும் பதினொரு நாளில் வந்துவிடுவேன் என்றாள். பிறகு, என் ஹொப் முளைத்துவிட்டதா என்று கேட்டாள். எங்கே போட்டிருக்கிறாய் என்று கமலாம்பிகை திருப்பிக் கேட்டாள். போடுவதா, அது பதினான்கு வருடக் கிழங்கு, கொட்டிலுக்குப் பின்னால் நிற்கிறதே, ஊதா நிறத்தில் தண்டு வருமே என்றாள் டொறத்தி.

இரண்டு தரம் வறையாக்கியது எதை என்று கமலாம்பிகைக்கு அப்போதுதான் விளங்கியது. வாய் மட்டும் தன்பாட்டுக்கு, முளைத்துவிட்டது, எல்லாம் நல்லாயிருக்கு என்று டொச்சில் சொல்லிவிட்டது. நல்லது, அதைப் பற்றி உனக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்ல மறந்துபோனேன் என்று டொறத்தி தொடங்கினாள். அதற்குள் யாரோ அவளைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். என்ன முக்கியமான விஷயம் என்று கமலாம்பிகைக்குச் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. தொடாதே என்பதாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு கீரை என்றாலே அவளுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. சோற்றைப் பருப்போடு பிசைந்துவிட்டுப் பாதியில் எழும்பினாள். டொறத்தியின் தோட்டத்துக்குத் தண்ணீர் விட மனிசனை அனுப்பினாள். அந்த மூலைப் பக்கம் போகவேண்டாம், பார்த்துவிட்டு வந்து எனக்கு ஒன்றும் சொல்லவும் வேண்டாம் என்று கட்டளை. அவன் அப்படியே செய்தான். அப்படிச் சொல்வழி கேட்கிற மனிசன் மற்ற நேரங்களில் எங்கே போவானோ தெரியாது.

அவனுக்கும் ஒரு யோசனை இருந்தது. தோட்டச் சாமான் கடையில் ஹொப் கன்று சட்டியில் விற்கிறார்கள், ஒன்றைக் கொண்டுவந்து தாட்டுவிட்டால் முடிந்தது என்றான். கமலாம்பிகை போனாள். சட்டியைத் தூக்கினாள். காசு கொடுக்கிற இடம் வரை கொண்டும் போனாள். பிறகு திரும்பி நடந்து, எடுத்த தட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

“சொன்ன பொய் காணும். இன்னொண்டை நட்டு, அதுக்குத் தண்ணியும் ஊத்த என்னாலை ஏலாது,” என்றாள்.

“அப்ப என்ன செய்யப் போறாய்?”

“சொல்லப் போறன். திறப்பையும் குடுத்திட்டு வாறன்.”

டொறத்தி வந்த சனிக்கிழமை வெயில் அடித்தது. இரண்டு ஊன்றுகோலோடு டாக்சியில் வந்து இறங்கினாள். தோட்டத்துக் கேட்டடியில் காத்துநின்ற கமலாம்பிகை பூட்டைத் திறக்கவில்லை. திறப்பை நீட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் பஸ்ஸில் பாடமாக்கிய வசனங்களை டொச்சில் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வசனத்தில் எல்லாம் குழம்பிப்போனது. நான் உன்னுடைய ஹொப்பைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டேன், இரண்டு தரம், போனில் பொய் சொன்னேன் என்று ஒரேயடியாகக் கொட்டிவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

எப்போது வெட்டினாய் என்று டொறத்தி கேட்டாள். இவள் திகதியைச் சொன்னாள். ஒட்ட வெட்டினாயா என்று கேட்டாள். ஒட்டத்தான் என்றாள். டொறத்தி ஊன்றுகோலால் கேட்டைத் தட்டித் திறக்கச் சொன்னாள்.

கொட்டிலுக்குப் பின்னால் வெறும் மண்ணை எதிர்பார்த்துப் போன கமலாம்பிகை அப்படியே நின்றுவிட்டாள். முன்னையதைக் காட்டிலும் மொத்தமான தண்டுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அதில் இரண்டு தண்டுகள் கம்பியைத் தேடி ஏற்கெனவே சுற்றவும் தொடங்கியிருந்தன.

“முதலில் வருகிற தண்டெல்லாம் வெறும் கோறை, உள்ளே ஒன்றுமில்லை. அதை ஒட்ட வெட்டினால்தான் பிறகு வருவது பலமாக ஏறும். வருஷா வருஷம் நானே வெட்டுவேன். இந்த வருஷம் அதைச் செய்ய ஆளில்லையே என்றுதான் ஆஸ்பத்திரியில் கிடந்து யோசித்தேன். உனக்குச் சொல்ல மறந்ததும் அதைத்தான்,” என்றாள் டொறத்தி.

வெட்டியதை நீ என்ன செய்வாய் என்று கமலாம்பிகை மெல்லக் கேட்டாள். குப்பைக் கிடங்கில் போடுவேன் என்றாள். பதினான்கு வருடமும் குப்பையிலா என்று கமலாம்பிகைக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு அவளுக்குப் போன உயிரும் திரும்பி வந்தது. டொறத்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கம்பிக்கு மூன்று தண்டு போதும், மற்றதை எடு என்று டொறத்தி கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, கமலாம்பிகை மூன்று மூன்றாக வலப்பக்கம் சுற்றிவிட்டாள். மிச்சத்தை வெட்டித் தன் கொட்டிலுக்குள் இருந்த சின்ன அடுப்பில் வறை ஆக்கினாள். டொறத்தி அதை வெண்ணெய் பூசிய பாணுக்கு மேலே குவித்துச் சாப்பிட்டாள். மிளகாயில் மூக்கு சிவந்தது, ஆனாலும் இன்னொரு துண்டு கேட்டாள். இதோடு என் பியர் நன்றாகச் சேரும், செப்டெம்பர் வரை பொறு என்றாள். குடிக்காத கமலாம்பிகை அதற்கும் தலையாட்டினாள்.

போகிற நேரம் திறப்பை மேசையில் வைத்தாள். டொறத்தி அதை எடுத்து மறுபடி அவள் கைக்குள் திணித்தாள்.

“அடுத்த ஏப்ரலில் யார் வெட்டுவது?” என்றாள்.

வீட்டுக்கு வந்து, கொண்டுவந்த மிச்ச வறையைச் சோற்றில் போட்டுப் பிசைந்து, பதினொரு நாளைக்குப் பிறகு கமலாம்பிகை வயிறு நிறையச் சாப்பிட்டாள்.