நொறுங்கிய வில்லை

கதவருகே நின்று அக்கா முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார். பிறகு கொண்டை ஊசிகள். ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துச் சேர்த்து, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போடுகிறார். கடைசியாகச் சேஃப்டி பின். காந்த அறைக்குள் இரும்பு எதுவும் அவரோடு நுழையாது. "ஒரு தடவை ஊசி காந்தத்துக்குப் பறந்துபோய் நான் ஒட்டின வயரை அறுத்துடுச்சுப்பா. மொட்டையாக்கூட வருவேன், ஊசியோட வரமாட்டேன்."

எங்கள் ஆய்வகத்தில் அவர் பெயர் மாவுமில் அக்கா. மாங்கனீசு ஆக்சைடோடு இன்னும் இரண்டு பொடிகளைச் சேர்த்து, சின்ன உரல் போன்ற கல்வத்தில் மணிக்கணக்காக அரைப்பார். அரைக்க இயந்திரம் இருக்கிறது. "அது அரைக்கும், காது குடுத்துக் கேக்காது" என்பார். வீட்டுக்காரர் தொலைபேசியில் எங்களிடம் முறையிடுவார்: "வீட்ல நாலு மிளகு பொடிக்க மிக்ஸி வேணும் இவளுக்கு!"

அரைத்த பொடியை அழுத்தி, உலையில் சுட்டால் சட்டைப் பொத்தான் அளவில் கருப்பு வில்லை கிடைக்கும். அதில் மெல்லிய கம்பிகளை ஒட்டி, திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மின்சாரம் செலுத்துவார். பக்கத்தில் காந்தப்புலம் வந்ததும் வில்லையின் மின்தடை குறையும். ஏன் என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார். "உள்ளுக்குள்ள எல்லாம் குருணை குருணையா இருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குதுங்க. நடுவுல மின்சாரம் எப்படிப் போகும்? காந்தம் வந்து எல்லாத்தையும் ஒரே பக்கம் பாக்க வைக்குது. வழி கிடைச்சுடுது."

போன வருடம் ஒரு வில்லையில், சிறிய காந்தப்புலத்திலேயே மின்தடை கால்வாசி இறங்கியது. அக்காவும் அவருடைய பேராசிரியரும் கட்டுரை எழுதினார்கள், ஆய்வுப் பத்திரிகையும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு சுட்ட எந்த வில்லையும் அப்படி இறங்கவில்லை. பழையதையே மீண்டும் அளக்கலாம் என்றால், எக்ஸ்ரே சோதனைக்காக அதை அவரே கல்வத்தில் போட்டுப் பொடியாக்கியிருந்தார்.

பேராசிரியர் குரலை உயர்த்தாதவர். "திங்கக்கிழமைக்குள்ள அந்த எண் மறுபடி வரலைன்னா கட்டுரையைத் திரும்ப வாங்கிக்குவோம்மா. அதுதான் மரியாதை."

"சரி சார்" என்றார் அக்கா. அன்று சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவே இல்லை. "நான் பொய் சொல்லலப்பா" என்றார் என்னிடம். "ஆனா தப்பா அளந்துட்டேனோ?"

மறுநாள் காலை, தோற்றுப்போன வில்லைகளில் ஒன்றை எடுத்துக் கோபத்தோடு கல்வத்தில் போட்டார். குழவி வழுக்கியது. மறுபடி குத்தினார்.

"நொறுங்க மாட்டேங்குதே!"

"உங்க கோவத்தைப் பார்த்து விறைச்சுப்போயிருக்கும், அக்கா."

அவர் சிரிக்கவில்லை. காதைச் சாய்த்து இன்னொரு முறை தட்டினார். "போன வருஷ வில்லை பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு. இது பல்லை உடைக்கும். இது அதிகமா வெந்துடுச்சுப்பா! குருணையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடுச்சு. நடுச்சுவரே இல்லைன்னா காந்தம் யாரைத் திருப்பும்?"

உலையில் வைத்தது அதே வெப்பநிலைதான். ஆனால் முதல் வில்லைக்குப் பிறகு உலை பழுதாகிச் சரிசெய்யப்பட்டிருந்தது. வெப்பம் அளக்கும் கம்பி முன்பு சூடேறும் சுருளை ஒட்டிக் கிடந்தது. வில்லை இருந்த நடுப்பகுதிக்கு அவ்வளவு சூடு எட்டியதே இல்லை. பழுது பார்த்தவர் கம்பியை நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்; அதன்பின் சொன்ன சூடு முழுவதும் வில்லைக்கே கிடைத்திருக்கிறது.

"இத்தனை நாளா பொய் சொன்னது உலைதான்" என்று மூச்சு விட்டார் அக்கா. "நான் இல்ல."

வெப்பத்தைக் குறைத்துப் புதிதாக ஒன்று சுட்டார். அளக்கும்போது பேராசிரியரும் வந்து நின்றார். காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் திரையில் எண் சரியத் தொடங்கியது.

"இறங்குது சார்! இறங்குது!"

பேராசிரியர் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பாடா. வெப்பநிலையை மட்டும் திருத்தி எழுதிடுவோம்மா." எழுந்து போகும்போது திரும்பினார். "அப்புறம், இதையும் அரைச்சு எக்ஸ்ரேக்குக் குடுத்துடுங்க."

அக்கா தலையாட்டினார்; ஆனால் கல்வத்தின் பக்கம் போகவில்லை. வெளியே வந்து கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகத் தலையில் செருகிக்கொண்டார். காலியான டப்பாவில் பஞ்சு பரப்பி, வில்லையை அதன்மேல் வைத்து, மூடியைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்தி மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.