மூட்டை இருந்தால் நிற்கும் ரயில்

ரயில் உத்தியோகத்தரைக் கட்டிக்கொண்ட தங்கைமாரே, ஸ்டேஷன் வீட்டில் குடியிருப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் மட்டும் கிடையாது. பேராதனைக்கு அப்பால், காப்பி ஏற்றுவதற்கென்றே கட்டிய சின்ன ஸ்டேஷனில் நான் அதைப் பார்த்தேன். இப்போது அங்கே புல் மண்டிக்கிடக்கிறதாம்.

வழி

அந்த ஸ்டேஷனுக்கு ரோடே கிடையாது. காப்பி ஸ்டோரின் களத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாழ்க்கைப்பட்ட புதிதில், கன்னியர் மடத்தில் பழகிய சப்பாத்தோடு போய் நின்றேன். களம் முழுக்கக் கொட்டை காய்ந்தது. காலால் கிளறிக்கொண்டிருந்த காளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சப்பாத்தோட மிதிச்சா கொட்டை ஒடைஞ்சிரும், மாஸ்டரம்மா. வெறுங்கால்ல மிதிச்சுப் போங்க, சீமையில குடிக்கிறவங்க யாரும் கேக்கப்போறதில்ல."

டிக்கெட்

மழைக்கு மாட்டு வண்டிகள் சேற்றில் புதைகின்றன என்று துரைமார் கேட்டு வாங்கிய ஸ்டேஷன் அது. மூட்டை நனையாமலிருக்கக் கூரை உண்டு. மனிதர் உட்கார ஒரு வாங்கு கிடையாது. மகள் பிறந்தாள், பிறந்ததிலிருந்தே நெஞ்சுச்சளி. டாக்டர் இருப்பது கண்டியில். மூட்டை ஏற்றும் நேரத்தில் கார்டிடம் கெஞ்சி, அவர் பெட்டியில் ஏறிப்போவோம். பேத்தியைப் பார்க்க வரக் கிளம்பிய அம்மாவுக்குக் கண்டி ஸ்டேஷனில் கிடைத்த பதில்:

"அங்க ஆளுக்கு டிக்கெட் இல்லீங்கம்மா, மூட்டைக்குத்தான்."

கொடி

அப்புறம் காப்பி இலையின் அடியில் மஞ்சள் தூளாக நோய் பூத்தது. மரங்கள் மொட்டையாயின, மூட்டை வருவதும் நின்றது. மேடையில் மூட்டை இருந்தால்தான் ரயில் நிற்கும் என்பது சட்டம். ஆகவே அது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மகளுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று நான் என் வீட்டுக்காரரை அரித்துக்கொண்டேயிருந்தேன். கொடியைக் காட்டி நிறுத்துங்களேன் என்றேன். அவர் கொடியைச் சுருட்டினார்.

"மூட்டை இல்லாம நிறுத்தினா வேலை போயிரும். வேலை போனா இவளுக்கு மருந்து ஏது?"

சரக்கு

பயந்தது நடந்தது. ஒரு காலையில் மகளுக்கு மூச்சு இழுத்து விலா உள்ளே போனது. காளியம்மாவிடம் ஓடி அழுதேன். அவளும் மற்றப் பெண்களும் ஸ்டோரில் குவிந்துகிடந்த காப்பித்தோலைச் சாக்குகளில் அடைத்து, வாய் தைத்து, மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். அவர் பார்த்தார். சுருட்டிய கொடியை விரித்துக் காட்டினார்.

ரயில் நின்றது. யாழ்ப்பாணத்துக் கார்ட் இறங்கி, ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கினார். அது பஞ்சு மாதிரி மேலே வந்தது. நான் மகளை இறுக்கிக்கொண்டேன். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"பாரமெல்லாம் உம்மட கையிலயெல்லோ கிடக்கு. கெதியா ஏறும், பிள்ளை."

அந்த ஸ்டேஷனில் கடைசியாக ஏறிய சரக்கு இப்போது வளர்ந்து என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறது, அந்தக் குறட்டை நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலைகிறது.