பெரியம்மாவுக்குப் போன பாட்டு

அந்தக் கேசட்டில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு முன்னறையில், ரேடியோவின் மேல் கிடந்தது. அதை எடுத்த என் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. அண்ணை இரண்டு வெள்ளைக்கார இளைஞர்களோடு ஒரு பேண்டில் இருந்தார். ஒருவன் பாடுவான், மற்றவன் கீபோர்டும் ட்ரம் மெஷினும். நடன கிளப்புகளில் அதிரும் அந்த மெஷின் தாளத்தின் மேல் அண்ணை கிட்டார் வாசிப்பார். ராக் பிரியர்கள் இது டிஸ்கோ என்று முகம் சுளித்தார்கள். ஆட வந்தவர்கள் கிட்டார் எதற்கு என்றார்கள். "மிக்சிக்குள்ள கரண்டி விழுந்தமாதிரிக் கிடக்கு" என்பார் அப்பா. எனக்கோ அந்தச் சத்தம் என்றால் உயிர். படிப்பை விட்டுவிட்டு அண்ணையின் அறைக் கதவோரம் உட்கார்ந்திருப்பேன்.

அப்போது சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்க முடியாது. கொழும்புக்கு யாராவது போகிறார்கள் என்றால் வீடே கேசட்டில் பேசி அனுப்பும். அந்தச் சனிக்கிழமை ஒருவர் புறப்படுகிறார் என்று தெரிந்ததும் அம்மா அவசரப்படுத்தினார். வெறும் கேசட் என்று நினைத்து நான்தான் அதைப் போட்டுப் பதிவுப் பட்டனை அழுத்தினேன். யாழ்ப்பாணத்திலிருந்த பெரியம்மாவுக்கு எல்லோரும் மாறி மாறிப் பேசினோம். பின்னேரமே அது பயணம் போய்விட்டது.

அண்ணையின் பேண்ட் மூன்று பாட்டுகளைப் பதிந்து வைத்திருந்த ஒரே கேசட் அது. திங்கட்கிழமை இசைக் கம்பனிக்காரர் ஒருவரிடம் கொடுக்க வேண்டியது. விஷயம் தெரிந்ததும் அண்ணை படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் அழ அழ, "விடு பிள்ளை, பெரியம்மா கேக்கட்டும்" என்றார். நண்பர்கள் அப்படி விடவில்லை. அந்தச் சந்திப்புக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் அவர்கள். வேறு கிட்டார்காரனைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணை கிட்டாரை விற்றுவிட்டுப் பெற்றோல் செட்டில் ஷிப்டுக்குப் போனார். சில வருடங்களில் அவர்களுடைய பாட்டொன்று கார் ரேடியோவில் வந்தது. அண்ணை அதை நிறுத்தவில்லை. முடியும்வரை காரை விட்டு இறங்கவும் இல்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் பெரியம்மா லண்டன் வந்தார். செவன் கிங்ஸில் அண்ணை வீட்டில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடிந்து அண்ணை கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் கதைச்சு முடிய ஒரு பாட்டு வருமே, அது ஆர் வாசிச்சது?" என்றார் பெரியம்மா. "கரண்ட் இல்லாத நேரம் சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்திக் கேட்டனாங்கள். இடம்பெயரேக்க அந்தக் கேசட்டும் வீட்டோட போயிட்டுது."

எங்கள் பேச்சு முதல் இரண்டு பாட்டுகளைத்தான் அழித்திருக்கிறது; மூன்றாவது தப்பியிருக்கிறது.

"நான்தான் பெரியம்மா," என்றார் அண்ணை.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டன் தம்பி."

"இப்ப ஏலாது. எல்லாம் மறந்துபோச்சு."

பெரியம்மா விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டைத் தானே முணுமுணுக்கத் தொடங்கினார். அண்ணை முதுகைக் காட்டியபடியே நின்றார். குழாயை மூடினார்.

"அதில ஒருக்கா நிப்பாட்டிப் போட்டு அடுத்த வரியை எடுக்கவேணும் பெரியம்மா," என்றார். "திருப்பிப் பாடுங்கோ."