சிங்க நோட்டும் சோளிங்கபுரத்துச் சம்பந்தமும்

புதுசாக ஒரு நோட்டு கைக்கு வந்தால் முதலில் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவிட்டுத்தான் செலவு செய்வேன். நோட்டெல்லாம் நிறம் மாறி வந்தபோது எங்கள் தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பிள்ளைகள் கடை வைத்து விளையாடுகிற சீட்டு மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். தண்ணீர் பட்டால் சாயம் போகும் என்று கேள்விப்பட்டு என் மருமகள் ஒன்றை நனைத்தே பார்த்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் சிங்கம் இருக்கிறதா என்று மட்டும் தேடினேன். சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது. "இன்னா அத்தை தேடிக்கினு கீறீங்க?" என்றாள் மருமகள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் நகரியில் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கைத்தறி நெய்கிறவர். அந்த வருஷந்தான் ஆந்திரா தனியாகப் பிரிந்தது. எங்கள் சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போயிற்று. நாங்கள் யாரும் எங்கேயும் போகவில்லை. அதே வீடு, அதே தறி, அதே கிணறு. ஆனால் ராஜ்யம் மாறிவிட்டது என்றார்கள். எல்லை இன்னும் முடிவாகவில்லை, மறுபடி மெட்ராஸ் பக்கம் சேர்ந்தாலும் சேருவோம் என்றும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் ஒரு பாதியில் தமிழும் மறு பாதியில் தெலுங்கும் ஏறின.

சிங்க நோட்டும் அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குத் தாராளமாக வந்தது. அதுவரை எங்கள் கையில் புழங்கியது பெரும்பாலும் ராஜா தலை போட்ட நோட்டு. புது நோட்டில் ராஜா இல்லை; அவர் இடத்தில் மூன்று முகத்தோடு சிங்கம் இருந்தது. சர்க்கார் இதைச் சில வருஷம் முன்னாலேயே அச்சடித்துவிட்டதாம். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? ராஜ்யம் பிரிந்ததும் புது நோட்டு வந்ததும் ஒரே காலத்தில் நடந்ததால், ஜனங்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சிங்க நோட்டு ஆந்திராவின் நோட்டு, ராஜா நோட்டு மெட்ராஸின் நோட்டு என்று ஆகிவிட்டது. இனிமேல் எல்லை தாண்டினால் இந்த நோட்டு அங்கே செல்லாது, அந்த நோட்டு இங்கே செல்லாது என்று டீக்கடையில் அடித்துப் பேசினார்கள். திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி, "பெருமாளு உண்டியில எந்த நோட்டு வாங்கிக்கறாரு?" என்று கேட்டார்கள். "ராசாவும் உள்ள போறாரு, சிங்கமும் உள்ள போவுது. அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று அவர் தலையைத் தடவிக்கொண்டார். பெருமாளுக்கு எல்லை கிடையாது, நமக்கு இருக்கிறதே என்று அதற்கும் பதில் வந்தது.

என்னுடைய கவலை வேறு. எங்கள் வகுப்பு சார், இந்தச் சிங்கம் அசோகச் சக்கரவர்த்தி நட்ட தூணின் மேல் இருப்பது என்றும், மூன்று அல்ல, மொத்தம் நான்கு என்றும் சொல்லியிருந்தார். நாலாவது பின்னால் இருக்கிறதாம். நைனா ஒரு புத்தம்புது ஒரு ரூபாய் சிங்க நோட்டை மடிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். நான் சமயம் கிடைத்தபோதெல்லாம் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன். பின்னால் சிங்கம் இல்லை. பல பாஷைகளில் எழுத்து இருந்தது. அதில் தமிழையும் தெலுங்கையும் மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மறுபடி வைத்துவிடுவேன்.

அந்த நோட்டு அக்காவின் நிச்சயத்துக்காக வைத்தது. மாப்பிள்ளை வீடு சோளிங்கபுரம். அதுவும் நெசவுக் குடும்பந்தான். ஆனால் மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. முந்தின வருஷம் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி நரசிம்ம சுவாமியைச் சேவிக்கப் போனபோது, படிக்கட்டில் அம்மாவுக்கு மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு பையன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பையன் வீட்டிலிருந்துதான் பிறகு பெண் கேட்டு ஆள் வந்தது. அக்கா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செம்பை அவள் தேய்த்துத் தேய்த்து வைத்த பளபளப்பை நான் பார்த்திருக்கிறேன்.

மறு கார்த்திகையில் அவர்கள் பரிசம் போட வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசினார் மாப்பிள்ளையின் பெரியப்பா. மாப்பிள்ளையின் அம்மா பெண்கள் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்து, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பேச மாமா இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. புத்தூரில் நூல் வியாபாரம். அவருக்குத் தமிழ் பாதி, தெலுங்கு பாதி.

மாப்பிள்ளை வீட்டார் புடவை, பூ, மஞ்சளோடு பரிசப் பணத்தைத் தட்டில் வைத்தார்கள். நைனா பதில் தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கு மேலே அந்தப் புது நோட்டை வைத்து நீட்டினார். பெரியப்பா கை நீட்டினவர் அப்படியே நிறுத்தினார்.

"இன்னாங்க இது? ஆந்திரா நோட்டாச்சே. எங்க ஊர்ல இது செல்லாதுங்களே."

"புதுசா இருக்கட்டும்னு..." என்று இழுத்தார் நைனா.

"புதுசு சரிங்க. செல்லாத நோட்டத் தாம்பூலத்துல வெச்சுக் குடுத்தா, வர்ற பொண்ணு எங்க ஊட்டுல எப்பிடிச் செல்லும்?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது.

மாமா விடுவாரா? எட்டி அவர்கள் தட்டைப் பார்த்தார். "ஏமய்யா பெரியவரே, இதி மன நோட்டு, நம்ம நோட்டு, பங்காரம், சொக்கத் தங்கம் மாதிரி கீது. உங்க தட்டுல கீறது யாரு மூஞ்சி? அந்த ராசா செத்துப் போயி வருசமாச்சு. செத்தவன் தலைய எடுத்தாந்து பரிசத்துல வெக்கிறதுதான் உங்க ஊரு வழக்கமா?"

"யாரப் பாத்து செத்தவன்ற? இன்னிக்கும் எங்க ஊரு கடையில அவரு தலைக்குத்தான் அரிசி போடறான்!"

"எங்க ஊர்ல அவருக்குத் திதிதான் குடுப்பாங்க!"

இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். நைனா மட்டும் தட்டைப் பிடித்தபடியே நின்றார். யாரோ என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, "இது ரெண்டும் படிக்கிது. அதுல இன்னா எழுதிக் கீதுன்னு படிக்கட்டும்" என்றார்கள். நான் நோட்டைத் திருப்பினேன். "தமிழ்ல ஒரு ரூபாய். தெலுங்குல ஒக ரூபாயி" என்று பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன். ராஜா நோட்டையும் திருப்பிப் பார்த்தேன். அதிலும் தமிழ், தெலுங்கு இரண்டுமே இருந்தன. அதையும் சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ரெண்டும் ரெண்டுத்துலயும் இருந்தா எது எந்த ஊரு நோட்டுன்னு எப்பிடிச் சொல்றது? இது இன்னும் மோசமாக் கீதே!" என்றார் பெரியப்பா.

"தமிழ் தெரிஞ்சவனுக்குத்தான இது புரியும்!" என்று மாமா சொன்னார், அதையும் தெலுங்கில். யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதே பிறகு எனக்குப் புரியவில்லை. சோளிங்கபுரத்துக் கல்யாணம் ஒன்றில் எங்கள் ஆட்களுக்கு இலை கடைசியாகப் போட்ட கதையெல்லாம் வெளியே வந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் வாசலைப் பார்த்தது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா சமையல் கட்டில் நின்று, "நரசிம்மா, நரசிம்மா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். "அந்த நோட்ட இப்பிடிக் குடு, கண்ணு" என்று என்னிடம் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சத்தம் தானாகக் குறைந்தது. பிறகு நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்பா, நரசிம்மா. எங்க ஊர்லருந்து எங்களுக்கு முன்னாலயே வந்துட்டியா?"

பெரியப்பா, "இன்னாம்மா சொல்றே?" என்றார்.

"கண்ணு தெரியலியா உங்களுக்கு? சிங்க மொகம் யாருது? இது இன்னா மாசம்?"

"கார்த்திகை."

"நம்ம சாமி வருசமெல்லாம் கண்ண மூடிக்கினு தவத்துல கீறாரு. எந்த மாசம் கண்ணத் தொறக்கறாரு?"

கார்த்திகையில்தான். சோளிங்கபுரத்தார் யாருக்குத் தெரியாது அது?

"இதப் பாருங்க, மூணு மொகத்துலயும் கண்ண நல்லாத் தொறந்துக்கினு கீறாரு. பொண்ணு ஊட்டுக்காரங்க நம்ம சாமியவே தட்டுல வெச்சுக் குடுக்கறாங்க. நீங்க செல்லாதுன்றீங்க. சாமி எந்த ஊர்ல செல்லாது?"

பெரியப்பாவின் கை தானாகக் குவிந்தது. தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு வந்தது. மாமாகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கோவிந்தா" என்றார். அந்த அம்மா குங்குமம் கேட்டு வாங்கி, நோட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, அவர்கள் கொண்டுவந்த ராஜா நோட்டுகளின் மேல் அதை வைத்தார். "சாமி மேல குந்தட்டும். ராசா கீழ கெடக்கட்டும், அவருக்கும் புண்ணியந்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமேல் வெற்றிலை பாக்கு மாற்ற எவ்வளவு நேரம்? தெருப் பெண்கள் வரிசையாக வந்து நோட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு அந்த அம்மா நோட்டைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போனதும் பூஜை மாடத்தில் வைத்துவிடு, செலவு பண்ணிவிடாதே என்று பெரியப்பா அழுத்திச் சொன்னார். அந்த அம்மாவும் பயபக்தியோடு தலையாட்டினார்.

சாயங்காலம் அவர்களை ரயிலேற்ற நைனா என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து நைனாவுக்குச் சோளிங்கபுரத்து மகிமை சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் ஜன்னலில் மாப்பிள்ளையின் அப்பா சட்டைப்பையைத் தடவினார், பணம் கொஞ்சம் குறைந்தது. அந்த அம்மா திரும்பி பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். சுருக்குப்பையை அவிழ்த்தார். சிங்க நோட்டை எடுத்து, முந்தானை நுனியால் குங்குமப் பொட்டை அழுத்தித் துடைத்தார். ஜன்னலுக்குள் நீட்டிவிட்டார். பாக்கிச் சில்லறையில் முறுக்கு வாங்கி, பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற என் கையில் வைத்தார்.

"துன்னு, கண்ணு."

"அத்தை, சாமியக் குடுத்துட்டீங்களே!"

"அட, பாத்துக்கினா கீறே?" என்று சிரித்தார்.

எனக்கு அழுகை வந்தது. "எங்க சார் அது சாமி இல்லன்னாரு. தூண்மேல கீற சிங்கமாம். நாலு மொகமாம்."

"எனக்கும் தெரியும். எங்க ஊர்லயும் வாத்தியாரு கீறாரு." குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்தார். "ஆனா நம்ம சாமி எங்கருந்து வந்தாரு? சொல்லு."

பிரகலாதன் கதை தெரியாத பிள்ளை உண்டா? "தூண்லருந்து" என்றேன்.

"அப்புறம் இன்னா?" என்று நிமிர்ந்தார். ரயில் வந்துவிட்டது.

நாலாவது முகம் எங்கே என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. முறுக்கைத் தின்றுகொண்டே திரும்பி வந்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. எல்லோர் முன்னாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாயங்காலமே சாமியை ஜன்னலுக்குள் தள்ளிவிட்டு முறுக்கு வாங்கினவர். அக்கா போய் வாழவேண்டிய வீடு அது.

அக்கா அந்த வீட்டில் நிறைவாகத்தான் வாழ்ந்தாள். பெரியப்பா ஒவ்வொரு கார்த்திகைக்கும் வந்து அந்த நோட்டைக் காட்டச் சொல்வாராம். மாமியார் உள்ளே போய், வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு ரூபாய் நோட்டுக்குக் குங்குமம் வைத்து எடுத்து வருவாராம். அவர் கும்பிட்டுவிட்டுப் போவாராம். எல்லையை ஒருவழியாகத் தீர்த்து, சில ஊர்களை அந்தப் பக்கமும் சில ஊர்களை இந்தப் பக்கமும் மாற்றினார்கள். நகரி ஆந்திராவிலேயே நின்றது. அக்கா தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்த நோட்டு எதுவும் எங்கள் கடையில் செல்லாமல் போகவில்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அவர் அன்றைக்குச் சொன்னதைப் பொய் என்று சொல்ல இன்றைக்கும் என் வாய் வரவில்லை. சுவாமிக்கு எந்தத் தூண் வேண்டும் என்று நாம் யார் சொல்ல?

ஆனால் அந்த வயதில் எனக்கு எது தெரிந்தது? மறுநாள் காலை அக்கா தார் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டேஷனில் நடந்ததை ரகசியமாகச் சொன்னேன். அவளை எச்சரிக்க வேண்டியது என் கடமை என்று எண்ணம். குங்குமத்தை எப்படித் துடைத்தார் என்று என் பாவாடை நுனியால் செய்தும் காட்டினேன். அக்கா ராட்டையை நிறுத்தினாள்.

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். நோட்டை நீட்டும் முன்னால் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாரா என்று கேட்டாள். பார்த்தார் என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

மறுபடி சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவள் உதடு சிரிப்பதுபோல் விரிந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. பாவம், இப்படிப்பட்ட மாமியாரா என்று பயந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதக்கா, பெருமாளாண்ட நான் வேண்டிக்கறேன், உனுக்கு வேற நல்ல எடமா வரும்" என்றேன்.