யாரும் கேள்விப்படாத அம்ப்ளிஃபயர்

கல்யாணமாகி முதல் இரண்டு வருடங்களில் என் கணவர் என்னிடம் அதிகமாகப் பேசியது எதைப் பற்றி என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: வாட்ஸ். நான் இரண்டாம் இடத்தில்தான் இருந்தேன்.

அப்போது நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் குடியிருந்தோம். அவர் கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் கீறுபவர். கூட வேலை செய்த கந்தோர் நண்பர் ஒருவர் வெளிநாடு போனபோது அவருடைய பழைய ஜப்பான் கார் எங்கள் கைக்கு வந்தது. அதன் இடப்பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. மழை பெய்தால் என் காலடியில் தண்ணீர் ஊறும். இவற்றில் ஒன்றையாவது திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காருக்கு அம்ப்ளிஃபயர் பூட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது.

பாட்டுக் கேட்கத்தான் என்று கந்தோரில் சொல்லிவைத்தார். உண்மைக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய அம்மாவின் கசெட்.

போர் நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. டெலிபோன் இல்லை. பற்றரி கொண்டுபோகவும் தடை. என் மாமியான அவருடைய அம்மாவுக்கு எழுதுவதைவிடக் கதைப்பது சுகம் என்பதால், கொழும்புக்கு வருகிற யாரிடமாவது ஒரு கசெட்டில் கதைத்துக் கொடுத்துவிடுவார். ஊரில் ரேடியோவும் கசெட்டும் சைக்கிளில்தான் ஓடின. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருக்க மற்றவர்கள் கேட்பார்கள். மிதிப்பது நின்றால் பாட்டும் நின்றுவிடும். மாமியின் கசெட்டும் அப்படிப் பதிந்ததுதான். அதனால் அவருடைய குரலுக்கு அடியில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு 'கிர்ர்' ஓடிக்கொண்டிருக்கும். என் கணவர் அந்தக் கிர்ரை மனதாரத் திட்டுவார். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

மாமி எல்லாம் சொல்வார். யார் வீட்டு மாடு செத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, மகன் சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுகுகிறாரா இல்லையா. "அப்பாக்கு முழங்கால் உழைவு. ராவிலை எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறார். கேட்டால் வயசு எண்டுறார்" என்று ஒவ்வொரு கசெட்டிலும் ஒரு தடவை வரும். ஆனால் அந்த அப்பா மட்டும் வாய் திறக்கமாட்டார். ஊரில் பார்த்துவைத்த சம்பந்தத்தை விட்டுவிட்டு, கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த என்னை மகன் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் மகனோடு ஒரு சொல் பேசியதில்லை. மனு எழுதவும் கடிதம் எழுதவும் ஊரே தேடி வருகிற மனிதர், பெற்ற மகனுக்கு ஒரு வரி எழுதவில்லை. காரணம் நான் என்பதால், இதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. அது எனக்கு வலித்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது கசெட்டில் மாமி "சரி மகன், வைக்கிறன்" என்று சொன்ன பிறகு, தூரத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. ஆண் குரல் போல இருந்தது.

"அப்பா," என்றார் என் கணவர்.

"அது கசெட் இரைச்சல்," என்றேன் நான்.

வீட்டு செட்டில் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் கிர் மட்டும்தான் கூடியது. தவிர, மேல்வீட்டில் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குரலை முழுச் சத்தத்தில் வைக்கிற காலமா அது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் கேட்பதுதான் வழி என்று என் கணவர் முடிவு செய்தார். அந்த முணுமுணுப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. பல் விளக்கும்போது கேட்பார்: "அப்பா என்ன சொல்லியிருப்பார்? கோபம் போயிட்டுது எண்டு சொல்லியிருப்பாரோ?"

"கதைச்சது போதும், நிப்பாட்டு எண்டு சொல்லியிருப்பார்," என்று ஒரு நாள் பகிடிக்குச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அன்று பின்னேரம் நானாகவே முட்டை ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

பிறகு தொடங்கியது ஆராய்ச்சி. கட்டங்கள் போட்ட தாளில் ஒரு பெரிய அட்டவணை கீறினார். கந்தோரில் கார் வைத்திருப்பவர்கள், கார் வைத்திருக்காதவர்கள், ரேடியோ திருத்துபவர் என்று எல்லாரிடமும் விசாரித்தார். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: பிராண்ட் பார்த்து வாங்கு. அவர்கள் சொன்ன பிராண்ட் விலைக்கு எங்கள் காரையே விற்க வேண்டும். ஆகவே மூன்று மாதம் அவர் அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான்தான் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம்; எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். வாகனங்களுக்கு ரேடியோ பூட்டுவதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. என் கணவர் அட்டவணையை விரித்தார். நானா அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார்.

ஒன்று பளபளப்பு. முந்நூறு வாட்ஸ் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. நீல வெளிச்சமும் உண்டு. என் கணவரின் கை தானாகவே அதை நோக்கிப் போனது. மற்றது வெறும் கறுப்பு. அதன் பிராண்டை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. என் கணவர் அதை ஒரு விதமாகவும் நானா வேறு விதமாகவும் வாசித்தார்கள். எண்பது வாட்ஸ் என்று மூலையில் சின்னதாக எழுதியிருந்தது.

"முந்நூறு எங்க, எண்பது எங்க," என்றார் என் கணவர்.

"பெட்டில எழுதுறதுக்கு யாரும் சல்லி கேக்க மாட்டாங்க தம்பி. எவ்வளவும் எழுதலாம்." நானா இரண்டையும் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் இருந்த பியூஸைக் காட்டினார். "இதப் பாருங்க. முந்நூறுகாரன்ட பியூஸ் பத்து அம்பியர். அதால எப்பிடி முந்நூறு வாறது? எண்பதுகாரன்ட பியூஸ் பதினஞ்சு. இவன் கொறச்சித்தான் எழுதிருக்கான். வேல செய்வான். கையில தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தோம். கறுப்புப் பெட்டி இரண்டு மடங்கு கனம். கீழ்ச் சத்தத்தை வெட்டுகிற ஒரு சின்ன சுவிச்சும் அதில் இருந்தது. கிர்ருக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று என் கணவர் என் காதில் சொன்னார்.

"போட்டுக் கேப்போம். கசெட் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார் நானா.

இங்கேதான் என் கணவர் ஒரு காரியம் செய்தார். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தாளம் இடிக்கிற பைலாப் பாட்டுக் கசெட்டோடு வருவார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து தன் அம்மாவை எடுத்துக் கொடுத்தார். கடைசித் துண்டை மட்டும் போட வேண்டாம், அது வெளியாருக்கு இல்லை என்றும் சொன்னார். அடுத்த நிமிடம் கடையிலிருந்த நாலு பெரிய ஸ்பீக்கர்களிலும் மாமி வந்தார். ரோட்டில் போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மகன், மருமேளுக்கு எங்கடை ஒடியல் கூழ் காய்ச்சத் தெரியுமோ?" என்று மாமி கொட்டாஞ்சேனைக்கே கேட்கும்படி கேட்டார்.

கடையில் நின்ற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியுமா தங்கச்சி?" என்றார் நானா.

"தெரியாது நானா."

"பரவாயில்ல. அம்ப் நல்லம். உம்மாட மூச்சும் கேக்குது."

கறுப்புப் பெட்டியையே வாங்கினோம். காரின் பின்பெட்டிக்குள் திருகாணி போட்டு இறுக்கி, பற்றரியிலிருந்து விரல் தடிப்பில் ஒரு சிவப்பு வயரைக் கொண்டுவந்து முடிக்கப் பின்னேரமாகிவிட்டது.

வீட்டு ஒழுங்கைக்குப் போய், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அமைதியாக இருந்து கடைசித் துண்டைக் கேட்பதாகத் திட்டம். ஆனால் அவருக்குப் பொறுக்கவில்லை. கசெட்டைச் செட்டுக்குள் தள்ளிவிட்டார். அப்போதுதான் யாரும் கேள்விப்படாத பிராண்டின் ஒரே குறை வெளியே வந்தது. எஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கரில் ஒரு 'உய்ங்' வந்தது. அவர் அக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் கூடியது. "பழைய கிர் போய்ப் புது உய்ங் வந்தாச்சு, வாழ்த்துக்கள்," என்றேன். மாமி உய்ங்குக்கு மேலால் சத்தமாகச் சுகம் விசாரித்துக்கொண்டே வந்தார்.

காலி வீதியில் செக்பொயின்ற். எங்களை ஓரம் கட்டச் சொன்னார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் ஓர் அடி பின்னால் போனார். கறுப்பு இரும்புப் பெட்டி, தடித்த சிவப்பு வயர், ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம், மேலே யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு பெயர். நீல வெளிச்சக்காரனை வாங்கியிருந்தால் பாட்டுப் பெட்டி என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டுக் கேட்பதற்கு என்று என் கணவர் சிங்களத்தில் விளக்கினார். நிறுத்தி நிறுத்திப் பேசுவது அவருடைய சிங்களம். அன்று இன்னும் நிறுத்தினார்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டு என்றார் சிப்பாய்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே டாஷ்போர்டில் ஒரு சிங்களப் பாட்டுக் கசெட் எப்போதும் வைத்திருப்பேன். அம்மாவுக்கு இடம் வேண்டும் என்று அதைக் காலையில் வீட்டு மேசையில் எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தார் என் கணவர். வேறு வழி இல்லை. எஞ்சின் நின்றது, உய்ங் நின்றது. சுவிச் கிர்ரையும் வெட்டியிருந்தது. மாமியின் குரல் பக்கத்தில் இருந்து கதைப்பது போல வந்தது.

"சரி மகன், வைக்கிறன்."

யார் இது என்று கேட்டார் சிப்பாய். அம்மா என்றார் என் கணவர். அதற்குள் கசெட்டில் மாமி வேறு பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொல்வது கேட்டது: "நீங்களும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். பிள்ளை கேக்கும்."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. இளைக்கிற மூச்சு, வயதான ஒருவரின் மூச்சு. பிறகு அந்த முணுமுணுப்பு, இந்தத் தடவை சொல் சொல்லாக.

"நான் மிதிக்கிறன்தானே. நீ கதை."

அத்தோடு கசெட் முடிந்தது.

இந்த ஆள் யார், என்ன சொன்னார் என்று சிப்பாய் கேட்டார். என் கணவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். என் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் நான்தான் சொன்னேன்: இவருடைய அப்பா, சைக்கிள் மிதிக்கிறாராம்.

எங்கே போகிறார் என்றார் சிப்பாய்.

எங்கும் போகவில்லை, நின்ற இடத்தில்தான் என்றேன்.

அவர் என்னையும், அழுதுகொண்டிருந்த என் கணவரையும், பின்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போகச் சொல்லிக் கை காட்டினார். என் கணவருக்குச் சாவியைத் திருப்ப இரண்டு நிமிடம் பிடித்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்துத் தீர்த்தார்.

மூன்று கசெட்டும் தொண்ணூறு நிமிடக் கசெட். யார் மிதிக்கிறார்கள் என்று எங்கள் இருவரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றவில்லை. முழங்கால் உழைவு என்று மாமி மூன்று தரம் சொல்லியும் எங்கள் மண்டைக்குள் ஏறவில்லை. நாங்கள் கிர்ரைத் திட்டிக்கொண்டிருந்தோம். நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் கசெட் பதிய உட்கார்ந்தோம். வழக்கமாக இவர் இரண்டு பக்கமும் நிறையக் கதைத்து, போதாமல் கடைசியில் அவசர அவசரமாகச் சொல்லி முடிப்பவர். அம்ப்ளிஃபயர் பற்றி மட்டும் ஒரு பக்கம் சொல்வார் என்று நினைத்தேன். நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார். சுகமாக இருக்கிறோம், எண்ணெய் வைத்து முழுகுகிறேன், முழங்காலுக்கு மருந்து அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

"ஏன் இவ்வளவு சுருக்கம்?" என்று கேட்டேன்.

"கேக்கிறதுக்கும் மிதிக்க வேணுமல்லோ," என்றார்.

நிறுத்தப் போன கையைப் பிடித்து மைக்கை என் பக்கம் திருப்பினேன். அதுவரை எந்தக் கசெட்டிலும் நான் பேசியதில்லை. அவர் வீட்டாருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. என்ன சொல்வதென்று முன்பே யோசித்திருக்கவும் இல்லை.

"மாமா, முடிஞ்சிது," என்றேன். "இனி இறங்குங்க."