வெள்ளிக்கிழமை இரைச்சல்

பல் வைத்தியர் முன்னால் போய் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுவிடும். லைன்மேன் வாசலில் வந்து நின்றதும் டெலிபோன் இரைச்சல் நின்றுவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவைச் சுற்றி வீடு வீடாகக் கம்பி இழுத்தவன் நான். நீங்களும் அப்போது ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, ‘அலோ, அலோ, கேக்குதா?’ என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியிருப்பீர்கள். எங்களைத் திட்டியும் இருப்பீர்கள். பரவாயில்லை, நாமெல்லாம் அந்த ஒரே கம்பியில் தொங்கியவர்கள்தானே!

பாய் கடை ‘சொய்ய்ய்’

ஈப்போவில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை. “போன எடுத்தாலே சொய்ய்னு இரையுது, ஒரு ஆர்டர் எடுக்க முடியல” என்று புகார். நான் காலையில் கடை திறக்கும் முன்பே போய்ப் பார்த்தேன், லைன் பளிங்கு மாதிரி இருந்தது. பாய் விடவில்லை, “பதினோரு மணிக்கு வந்து பாருங்க” என்றார். சரியென்று போனேன். அடேயப்பா, காதைப் பிய்க்கிற சத்தம்!

திரும்பிப் பார்த்தால் போனுக்குப் பக்கத்திலேயே ரொட்டி சானாய் கல். மாஸ்டர் எண்ணெயை ஊற்றி ஊற்றி ரொட்டியைப் புரட்டுகிறார். அந்தக் காலத்துப் போனில் நம் பக்கத்துச் சத்தம் நம் காதுக்கே திரும்பி வரும். போனைக் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றினேன், சத்தம் போயே போச்சு. பாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை. “என்ன தம்பி நீங்க, இவ்வளவு நாளா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரொட்டி சூடா இருக்குன்னு ஜனங்க ஆர்டரே குடுத்தாங்க!”

சரோஜா அக்காவின் நல்ல பிள்ளை

சிரித்துக்கொண்டே திரும்பிய எனக்கு அடுத்து வந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு புகார். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம், தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டுத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் கட்டியிருந்தார்கள். அங்கே சரோஜா அக்கா வீடு. பால்மரம் வெட்டிய கை, இப்போது தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்குப் போன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். இரைச்சலா? மூச்! ரிசீவரைத் தட்டினேன், கம்பியை ஆட்டினேன், கம்பத்தைக்கூட உதைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. “நல்லாத்தானே இருக்கு அக்கா” என்றதும் அக்காவின் கண் கலங்கிவிட்டது. மகள் மலருக்கு லூமுட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் கப்பற்படையில் இருக்கிறான். பையனுக்குப் பிடித்துவிட்டது, மலருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பையனின் அம்மா சகுனம் பார்க்கிறவர். நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமைதான் போன் செய்வார். கல்யாணப் பேச்சை எடுத்தாலே லைனில் கொர்ர்ரென்று இரைச்சல். “பேச்சை எடுக்கறப்பவே இப்படித் தடங்கலா இருக்கே” என்று அந்த அம்மா இழுக்க ஆரம்பித்துவிட்டாராம்.

ஒரு பெண்ணின் கல்யாணம் என் கம்பியில் தொங்குகிறது! அக்கா போனை முறைத்துப் பார்த்துச் சொன்னார்: “நீங்க வந்தா நல்ல பிள்ளையாட்டம் இருக்கு தம்பி, நீங்க அந்தாண்ட போனா இதுக்குப் பேய் புடிச்சிக்குது!”

கம்பத்து மேல் குடித்தனம்

மறுநாள் என் கூட்டாளி ஆ செங்கையும் இழுத்துக்கொண்டு போனேன். சீனர், ஆனால் தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவார். இடுப்பில் டெஸ்ட் போனை மாட்டிக்கொண்டு நான் ஏறினேன். கம்பியில் கொக்கியை மாட்டிப் பேசிப் பார்க்கிற கைப்போன் அது, எங்கள் தொழிலுக்கு அதுதான் உயிர். மேலே பெட்டியைத் திறந்தால் செவ்வெறும்பு! ஒரு பெரிய குடும்பமே குடித்தனம் நடத்துகிறது. கழுத்து, காது, சட்டைக்குள் எல்லாம் கடி. நான் கம்பத்திலேயே ஆடிய ஆட்டத்தைத் தாமானே கூடி வேடிக்கை பார்த்தது.

கடித்தால் என்ன, திருடன் அகப்பட்டான் என்று எனக்கு ஒரே குஷி. பெட்டியைச் சுத்தம் செய்தோம், வீட்டுக்குப் போகிற கம்பியையும் புதிதாக இழுத்தோம். “இனி உங்க கல்யாணத்துக்கு நான்தான் முதல் ஆளு” என்று மலரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீசுக்கு ஒரு போன். எடுத்தால் கொர்ர்ர், கரகரகர! நடுவில் மலரின் அழுகைக் குரல்: “கேக்குதா அண்ணே? இதான் அது! அடுத்த வெள்ளி கடைசியா ஒரு தடவ பேசிட்டு முடிவு சொல்லிடுவாங்களாம் அண்ணே!”

ஆ செங்கின் தீர்ப்பு

எறும்பு கடித்த வீக்கத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தேன். செவ்வாய் நன்றாக இருக்கிறது. புதன் நன்றாக இருக்கிறது. மழை பெய்தாலும் நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன்? அட, அதுதானே! நான் ஒரு தடவையாவது வெள்ளிக்கிழமை போனேனா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “மச்சான், வெள்ளிக்கிழமைதான்டா வியாதியே!” என்று கத்தினேன். ஆ செங் டீயை ஊதிக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: “நான் அப்பவே நெனச்சேன், இது ஹந்து லா! பேய்க்குத்தான்டா வெள்ளிக்கிழமை வேலை!”

பொட்டு வைத்த போன்

அடுத்த வெள்ளிக்கிழமையே போனேன். வீடு கழுவி, சாம்பிராணி மணக்கிறது. பையனின் அம்மா எந்த நேரமும் கூப்பிடலாம். போனைப் பார்த்தேன், அப்படியே நின்றுவிட்டேன். டயலுக்கு மேலே மல்லிகைச் சரம். ரிசீவரில் நாம் வாய் வைத்துப் பேசுகிற இடத்தில், அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளின் மேல், கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது!

“என்னக்கா இது?”

“வெள்ளிக்கிழமையாச்சே தம்பி. தோட்டத்துல பால்வெட்டுக் கத்திக்கே பொட்டு வச்சவங்க நாங்க, நல்ல சேதி கொண்டாற சாமானுக்கு வைக்காம இருப்பமா? சனிக்கிழமை தொடச்சிருவேன். போன வாரம் இரைச்சல் கூட இருந்திச்சா, அதான் இந்த வாரம் சந்தனத்தைத் தாராளமா வச்சிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ரிசீவரின் வாய் மூடியைத் திருகினேன். உள்ளே குரலை வாங்குகிற வில்லை சந்தனத்தில் ஊறிக் கிடக்கிறது, கொர்ர்ரென்று இரைந்தது இதுதான். அதைக் கழற்றிக் கையில் எடுத்து, ரிசீவரைத் திரும்ப வைக்கவும், டிரிங், டிரிங்! மலர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அக்கா, “ஐயோ தம்பி, அவங்கதான்!” என்று அலறினார். நான் சட்டென்று சுவர்ப் பெட்டியைத் திறந்து, டெஸ்ட் போனின் கொக்கியைக் கம்பியில் மாட்டி, அக்காவின் காதில் வைத்தேன்.

“அலோ?” என்றார் அக்கா. அந்த அம்மாவின் குரல் வெளியிலேயே கணீரென்று கேட்டது: “என்னங்க இது, இன்னிக்குப் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு! மனசு நெறஞ்சு போச்சுங்க. தை மாசத்துல வச்சுக்குவோம்.” மலர் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் அந்த வீட்டுப் பையன் மாதிரி துள்ளிக் குதித்தேன், வெட்கமே இல்லை.

அக்கா பேசி முடித்ததும் கொக்கியைக் கழற்றினேன். அவர் டெஸ்ட் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே சாமி அறைக்குப் போனார். “அக்கா, வேணாம் அக்கா!” என்று பின்னாலேயே ஓடினேன். அதற்குள் என் டெஸ்ட் போனின் வாயில் சந்தனம் பளபளத்தது. என் முகத்தைப் பார்த்து அக்கா சிரித்தார்: “இரைஞ்சா இரைஞ்சிட்டுப் போவுது தம்பி, ரிப்பேர் பாக்கத்தான் நீங்க இருக்கீங்களே லா!”

அன்றிலிருந்து இரைச்சல் என்று யார் கூப்பிட்டாலும், நான் முதலில் ஏணியை எடுத்ததில்லை, காலண்டரைத்தான் பார்த்தேன்.