வெறும் தண்ணீர்க் குழாயில் என் மகள்

டி.என்.ஏ. ஆய்வுக்கூடத்தில் துடைக்கிற வேலை என்றால், நாம் அங்கே வந்துபோன அடையாளமே இல்லாமல் செய்கிற வேலையாக்கும். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக் கை வெந்தவர்கள் உங்களில் உண்டென்றால், நான் சொல்வது விளங்கும். பாறசாலையிலிருந்து காலை ரயிலில் போய், கோட்டும் கையுறையும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு, மேசைகளை மருந்துத் தண்ணீரால் துடைப்பேன். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேச வராது. மாஸ்க் போட்டவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதனாலேயே அந்த வேலை பிடித்தது.

கன்னத்துப் பஞ்சு

புது மெஷின் வந்தபோது, அதை நம்பி வழக்குகளுக்கு எடுக்கலாமா என்று மாசக்கணக்காகச் சோதித்தார்கள். அந்தப் பொறுப்பு முழுக்க பிந்து மேடத்துக்கு. காட்டாக்கடைக்காரர், நம்ம தமிழ்ப் பேச்சும் தெரியும். விளங்காமல் முழித்த எனக்கு அவரே சொல்லித் தந்தார்: "ரெண்டு முழம் பூ உண்டு, ரெண்டும் ஒரே நீளம். பழைய மெஷின் நீளம் மட்டும் பாக்கும், அதுக்கு ரெண்டும் ஒண்ணு. புதுசு, எந்தப் பூவுக்குப் பிறகு எந்தப் பூ கெட்டியிருக்குன்னு வாசிக்கும்."

உள்ளே நுழைகிற எல்லாரும் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். நம்முடையது தவறி எதிலாவது கலந்தால் கண்டுபிடிக்கத்தான். நான் பயந்துபோய் வாயைத் திறக்கவே இல்லை. என்னோடு துடைக்கிற ஓமனா அக்காவுக்குப் பொறுமை போயிற்று: "எட்டி மக்கா, வாயத் திற. கதை பேசவா சொன்னாவ, காட்டத்தானே சொன்னாவ!"

தொட்டிலில் கோட்டு

கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் ஒரு சனிக்கிழமை அதன் பட்டன் அறுந்தது. வேறு கோட்டு கேட்க வெட்கப்பட்டு, வீட்டில் தைத்துக்கொள்ளலாமென்று பையில் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

தாய் வெளியே போனால் அவள் உடுத்த துணியைப் பிள்ளை பக்கத்தில் இட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை அழாது. ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போய்வருவதற்குள் என் எட்டு மாத மகள் எழுந்து அழுதிருக்கிறாள். என் வீட்டுக்காரர் அம்பூரியில் ரப்பர் வெட்டுகிறவர்; பிள்ளைத் துணி எது, ஆபீஸ் துணி எது என்று அவருக்குத் தெரியாது. நான் வந்து பார்க்கும்போது, கோட்டின் கையைச் சப்பி ஈரமாக்கி, அதைக் கட்டிக்கொண்டு உறங்குகிறாள். அதை உருவி வெயிலில் காயப்போட்டுக்கொண்டே நான் புலம்பினேன். அவர் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: "உனக்க மணம் அதுல உண்டுல்லா, அதான் உறங்குது."

வரக் கூடாத ஆள்

திங்களன்று, துவைக்காத அதே கோட்டோடுதான் மேசை துடைத்தேன்.

ஒவ்வொரு சோதனையிலும் விரலளவுக் குழாய் ஒன்றில் வெறும் தண்ணீர் மட்டும் வைப்பார்கள். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் அந்தத் தடவை செய்த வேலை எல்லாம் வீண். அந்த வாரம் தண்ணீரில் ஓர் ஆள் வந்துவிட்டது. பெண்ணாம். பணியாளர் ஒருவர் பஞ்சோடும் முழுசாக ஒத்துப்போகவில்லை. மெஷின்தான் இல்லாததைச் சொல்கிறது, திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான பெரிய சார். மேடத்தின் மாசக்கணக்கான பாடு அத்தோடு போகும். மூன்று நாளாக அவர் சோற்றுப் பாத்திரம் திறக்காமலே இருப்பதை, மேசை துடைக்கிற நான் பார்த்தேன். மனசு கேட்காமல் ஓமனா அக்காவிடம் கோட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்: "மிண்டாதே மக்கா, வேலை போவும்."

விரல் நின்ற இடம்

மறுநாள் மேடத்தின் அறை வாசலில் நின்று மாஸ்க்கை இறக்கினேன். "மேடம், மெஷினில குத்தமில்ல. அது எனக்க பிள்ளையாயிருக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. என் பஞ்சில் வந்ததை ஒரு பக்கமும் தண்ணீரில் வந்ததை ஒரு பக்கமும் வைத்து, விரலால் வரிவரியாக இறங்கினார். ஒரு பிள்ளைக்கு வரிக்கு இரண்டு உண்டாம், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. எல்லா வரியிலும் இரண்டில் ஒன்று என்னுடையது. ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே இரண்டும் ஒரே நீளம். பழைய மெஷின் ஒன்றென்றே சொல்லியிருக்கும். புதுசு இரண்டாகப் பிரித்திருந்தது: ஒன்று நான் கொடுத்தது, மற்றது அவள் அப்பா கொடுத்ததாக்கும்.

பெரிய சார் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார், வேலை போகவில்லை. நாங்கள் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகு, முன்னறையில் பிள்ளையிடம் மேடமே பஞ்சை நீட்டினார். அவள் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தண்ணீரில் வந்தது அவளுடையதேதான் என்று உறுதியானது. எல்லாம் முதலிலிருந்து செய்தார்கள். இந்தத் தடவை தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தது. மெஷினை வழக்குகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்று மேடம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கேட்டார்: "நாங்க இத்தனை மாசம் சோதிச்சது போராதுன்னு, உனக்க மோளும் சோதிச்சாளாக்கும்?"

மெஷினைச் சோதித்ததைப் பற்றி மேடம் எழுதின அறிக்கையில், இரண்டு வருஷமாக அந்த மேசையைத் துடைக்கிற எனக்கு ஒரு வரி கூட இல்லை, ஒரு துளி எச்சில் ஒழுக்கின என் மகளுக்கு ஒரு பக்கம் முழுக்க உண்டு.